மலோரிக்கும் மூன்று பிள்ளைகள்

1924இல் எவரெஸ்டில் ஜார்ஜ் மலோரி மறைந்தபோது அவருக்கு மூன்று சின்னப் பிள்ளைகள். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் நினைவு வழிபாடு நடந்தது, மன்னரே வந்தார். இங்கிலாந்து அவரை வீரனாக்கிக்கொண்டது.

1995 ஆகஸ்ட் 13. கே2 உச்சியைத் தொட்டு இறங்கும்போது புயலில் இறந்தார் அலிசன் ஹார்க்ரீவ்ஸ். வயது 33. மகனுக்கு ஆறு, மகளுக்கு நாலு. அதே இங்கிலாந்தின் பத்திரிகைகளில் உடனே ஆரம்பிச்சுட்டாங்க: ஒரு தாய் இப்படிச் செய்யலாமா?

எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். அலிசன் யாரென்று பாருங்கள். 1993இல் ஆல்ப்ஸின் ஆறு பெரிய வடக்கு முகங்களையும் ஒரே பருவத்தில் தனியாக ஏறியவர். 1995 மே 13 அன்று ஆக்ஸிஜன் சிலிண்டரோ ஷெர்பா உதவியோ இல்லாமல் எவரெஸ்ட் உச்சியில் நின்றவர். அங்கிருந்து ரேடியோவில் முதலில் செய்தி சொன்னது தன் இரண்டு பிள்ளைகளுக்குத்தான். கணவரின் வியாபாரம் நொடித்து வீடும் கைவிட்டுப்போன குடும்பம் அது. அவருக்கு மலை பொழுதுபோக்கு இல்லைங்க, பிழைப்பு. சம்பாதிக்க ஆபத்தான இடத்துக்குப் போகும் அப்பாவைத் 'தியாகி' என்போம். அம்மா போனால் மட்டும் 'சுயநலக்காரி'யா?

'மகனும் அதே வழியில்தானே போனான்' என்பார்கள். ஆமாம். டாம் பல்லார்ட் அதே ஆறு முகங்களையும் ஒரே குளிர்காலத்தில் தனியாக ஏறினார். 2019இல் நங்க பர்பத்தில் இறந்தார். அப்போது அவருக்கு முப்பது வயது. முப்பது வயது ஆள் எடுத்த முடிவுக்கு, இருபத்துநாலு வருஷம் முன்பே செத்துப்போன அம்மாவைக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவரைச் 'சூப்பர் மாம்' ஆக்கி, ஆறு மாதக் கர்ப்பத்தோடு ஐகர் ஏறிய கதையை மட்டும் ஷேர் பண்ணும் கூட்டம். திட்டுகிறவர்களுக்கும் கொண்டாடுகிறவர்களுக்கும் அவருடைய கர்ப்பப்பைதான் தெரிகிறது, கோடரியும் கயிறும் பிடித்த கை தெரியவில்லை.

அவரை விமர்சிக்கவே கூடாதா? தாராளமாக விமர்சிக்கலாம். அன்று கே2வில் வானிலையைச் சந்தேகித்து பீட்டர் ஹிலாரி திரும்பிவிட்டார். அலிசன் மேலே போனார். ஏன் திரும்பவில்லை? இது மலையேறியிடம் கேட்க வேண்டிய கேள்வி. அன்று மேலே போன ஆண்களிடமும் அதையே கேளுங்கள். பிள்ளைகளைப் பற்றித்தான் கேட்பேன் என்றால், வரிசையில் முதலில் மலோரி நிற்கிறார், அவரிடமிருந்து ஆரம்பியுங்கள்.