மலைக்கு முன்னால் வீம்பு வேண்டாம்

நம் சங்கத்துப் பிள்ளைகள் பலர் இப்போது சைக்கிள் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். 2023-ல் வெளிவட்டச் சாலையை ஒட்டி, சூரிய ஒளித் தகடுகளைக் கூரையாகக் கொண்ட 23 கி.மீ. சைக்கிள் பாதை திறக்கப்பட்ட பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலை தோசைக்கு வீட்டில் ஆள் இருப்பதில்லை. நல்ல பழக்கம்தான். ஆனால் வண்டி வாங்கும்போது நிறத்தையும் எடையையும் பார்க்கிறார்களே தவிர, பல்லை எண்ணுவதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மாதாப்பூரில் வேலை பார்க்கும் என் மருமகப்பிள்ளை பெரிய விலை கொடுத்து ஒரு பந்தய சைக்கிள் வாங்கினார். நண்பர்களோடு, மூசி நதி பிறக்கும் அனந்தகிரி மலைக்குப் போனார். பாதி ஏற்றத்தில் இறங்கித் தள்ளினார். வீடு திரும்பியதும் முழங்காலில் வெந்நீர் ஒத்தடம். "எனக்குத் தெம்பு போதாது மாமா, வண்டியை விற்றுவிடலாம்" என்றார். முகம் வாடிப்போயிருந்தது.

நான் தெம்பைப் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்து பற்களை எண்ணினேன். முன்னால் 52, 36. பின்னால் 11 முதல் 28 வரை. விஷயம் விளங்கிவிட்டது.

கணக்கு எளிது. முன்பல்லைப் பின்பல்லால் வகுத்து, சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால், ஒரு மிதிக்கு வண்டி எவ்வளவு தூரம் போகும் என்று தெரியும். பந்தய வண்டிச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். அவருடைய மிகச் சிறிய கியரில், அதாவது 36-க்கு 28-ல், ஒரு மிதிக்கு 2.7 மீட்டர். 100 அடிக்கு 8 அடி உயரும் ஏற்றத்தில், 75 கிலோ ஆளும் 10 கிலோ வண்டியும் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஏறவே ஐந்தில் ஒரு குதிரைத்திறனுக்குக் குறையாமல் வேண்டும். சாதாரண மனிதனுக்கு அதுவே பெரிது. அந்த வேகத்தில் இந்தக் கியர் நிமிடத்துக்கு 49 மிதிதான் தரும். சமதரையில் 80, 90 மிதித்துப் பழகிய காலுக்கு அது மாவாட்டுகிற வேலை. பாரம் முழுவதும் முழங்காலில் இறங்கும்.

முன்னால் 34, பின்னால் 34 என்று மாற்றினால் அதே வேகத்தில் 63 மிதி. ஒவ்வொரு மிதியின் அழுத்தமும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். மலையும் மாறவில்லை, ஆளும் மாறவில்லை.

"சின்னக் கியர் கிழவர்களுக்கு" என்று இளைஞர்கள் சிரிக்கலாம். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை 1903-ல் தொடங்கிய ஹென்றி தெக்ராஞ்சு என்பவரும், கியர் மாற்றுவது 45 வயதைத் தாண்டியவர்களுக்கு என்றே நினைத்தார். அவர் பொறுப்பிலிருந்து விலகிய பிறகு, 1937-ல்தான் அங்கே சங்கிலி மாற்றும் கருவியை அனுமதித்தார்கள். இன்று அது இல்லாமல் ஆல்ப்ஸ் மலை ஏறும் வீரர் யார்? அந்தக் கருவியின் பிரெஞ்சுப் பெயருக்குத் 'தடம்புரட்டி' என்று பொருள். வேலை பார்த்த காலமெல்லாம் எதுவும் தடம்புரளாமல் காவல் காத்த எனக்கு, இந்த வயதில் ஒரு தடம்புரட்டி சிநேகிதமானது வேடிக்கைதான்!

ரயில்வேக்காரனுக்கு இது புதிய பாடமல்ல. நம் நீலகிரி ரயில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்தண்டவாளத்தில் ஏறுகிறது. 12 அடிக்கு 1 அடி வரை ஏற்றம். அங்கே பல் இருப்பது வழுக்காமல் பிடிக்க; சைக்கிளில் பல் இருப்பது விகிதத்துக்கு. வேலை வேறு. ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கி.மீ. ஏற ஏறக்குறைய 5 மணி நேரம் எடுத்துக்கொள்கிற அந்த ரயிலை யாரும் கேலி செய்வதில்லை. மலையில் வேகத்தை விட்டுக்கொடுத்தவன்தான் மேலே போய்ச் சேருவான்.

சமதரையில் வேகம் போய்விடுமே என்று கேட்பீர்கள். முன்னால் 50, பின்னால் 11 இருந்தால் 80 மிதியில் மணிக்கு 45 கி.மீ. கிடைக்கும். நம் ஊர்ப் போக்குவரத்தில் அதற்கு மேல் எதற்கு? ஒரு குறை உண்டு: பின்பற்களின் இடைவெளி கூடுவதால் கியர் மாற்றும்போது காலுக்குச் சற்றுத் துள்ளல் தெரியும். முழங்காலுக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

வாங்கிவிட்டவர்கள் வண்டியை விற்க வேண்டாம். பின்சக்கரப் பல்தொகுதியை மட்டும் மாற்றினாலே பெரும்பாலும் போதும். ஆனால் உங்கள் கியர் மாற்றி எத்தனை பல் வரை தாங்கும் என்று முதலில் கேளுங்கள்; சங்கிலியின் நீளத்தையும் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். சங்கிலி குட்டையாகிவிட்டால் பெரிய பல்லுக்கு மாறும்போது கருவியே முறிந்துவிடும்.

மருமகப்பிள்ளை முன்னும் பின்னும் மாற்றிக்கொண்டு இரண்டு மாதம் கழித்து அதே அனந்தகிரிக்குப் போனார். மேலே போய்த்தான் தொலைபேசியில் கூப்பிட்டார். "கால் ஊன்றவே இல்லை மாமா" என்றார். மூச்சு வாங்கியது, குரலில் வாட்டம் இல்லை.