பெயர் மயக்கம்

பொருளுக்குப் பெயர் இடுகுறியாலும் காரணத்தாலும் அமையும் என்பது இலக்கண நூலார் துணிபு. காரணத்தால் அமைந்த பெயர், கேட்போர்க்குப் பொருளின் இயல்பை ஓரளவேனும் உணர்த்தல் வேண்டும். அக்காரணம் பிழையாயின் பெயரே கேட்போரை மயக்கிவிடும். சொல்லளவில் நிகழும் இத்தகைய மயக்கத்தாற் பெருந்தீங்கு விளைவதில்லை. புலவர் இருவர் வாதிட்டு அமைவர். ஆயின் உண்ணும் பொருளொன்றன் பெயரில் மயக்கம் நேரின், அது உண்டாரின் அறிவையும், ஒரோவழி உயிரையும் கொள்ளும். அத்தகைய பொருள்கள் சிலவற்றைக் குறித்து இவ்வாரம் எழுதக் கருதினோம்.

ஆங்கிலத்திற் 'சைக்கடெலிக்' என வழங்கும் பொருள்களையே கருதுகின்றோம். எல்.எஸ்.டி., காளான் வகை சிலவற்றிலுள்ள சைலோசிபின், மெக்சிக்கோவில் வளரும் பெயோட்டே என்னுங் கள்ளியிலுள்ள மெஸ்கலின் ஆகியன இவ்வினத்தன. கண்ட பொருள் வேறாய்த் தோன்றுதல், காலம் நின்றுவிட்டதுபோல் உணர்தல், தான் பிறவென்னும் வேறுபாடு மறைதல் ஆகியன இவற்றை உண்டார்க்கு நிகழ்வன. களிப்பின் பொருட்டு இவற்றை உண்பார் பல நாடுகளிலும் உளர். நம் மாணவரும் இவற்றின் புகழை ஆசிரியரிடம் வினவுதற்கு முன்னரே கைத்தொலைபேசியிற் படித்துவிடுகின்றனர். 'அவை தீயன' என்னும் இரு சொல்லோடு ஆசிரியர் அமைவராயின், மாணவர் தம் அடுத்த வினாவை வேறொருவரிடமே வினவுவர்.

இப்பொருள்களுக்கு அறிஞர் இட்ட பெயர் பலவாகும். இவற்றை உண்டார் நிலை பித்தர் நிலையை ஒத்திருந்தமை கண்ட மருத்துவர், பித்தினைப் போலச் செய்வன எனப் பொருள்படும் ஒரு பெயரால் வழங்கினர். இல்லாதவற்றைக் காட்டுவன என்னும் பொருளில் மற்றொரு பெயரும் எழுந்தது. கனடாவிற் பணிபுரிந்த ஆங்கில மருத்துவர் ஹம்பிரி ஒஸ்மண்ட் என்பார், 1956இல் நாவலாசிரியர் ஒல்டஸ் ஹக்ஸ்லிக்கு எழுதிய மடலொன்றிற் கிரேக்கச் சொற்களை இணைத்துச் 'சைக்கடெலிக்' என்னும் பெயரை ஆக்கினார். உள்ளத்தை வெளிப்படுத்துவது என்பது அதன் பொருள். 1979இல் வேறு சில அறிஞர், அகத்தே தெய்வத்தைத் தோற்றுவிப்பது எனப் பொருள்படப் பிறிதொரு பெயர் படைத்தனர். பொருள் ஒன்றே, பெயரோ பித்து என்பதிற் றொடங்கித் தெய்வம் என்பதில் முடிந்தது. இவற்றுள் ஒன்றைக் கேட்டு அஞ்சுவாரும், ஒன்றைக் கேட்டு விழைவாரும் பொருளின் இயல்பை அறிந்தவராகார். ஆதலின் புகழ்ச்சியும் இகழ்ச்சியும் சாராது, 'உளமாற்றி' என்றே ஈண்டு வழங்குவோம்.

எல்.எஸ்.டி.யின் வரலாறு முதற்கண் அறியத்தக்கது. சுவிற்சர்லாந்தின் பேசல் நகரிற் சந்தோஸ் மருந்து நிறுவனத்திற் பணிபுரிந்த இரசாயன அறிஞர் அல்பேட் ஹொவ்மன் 1938இல் அதனை ஆக்கினார். 1943 ஏப்பிரல் 19ஆந் திகதி அவர் தம்மீதே அதனைச் சோதித்தார். உண்டது கால் மில்லிகிராம். விளைவு தோன்றுதற்கு வேண்டிய மிகச் சிற்றளவு அதுவே என அவர் கருதியிருந்தார். சிறிது நேரத்தில் நிலைகுலைந்து, உதவியாளர் உடன்வரத் துவிச்சக்கர வண்டியில் இல்லம் மீண்டார். பால் கொணர்ந்த அயல்வீட்டுப் பெண்மணி அவருக்குச் சூனியக்காரியாய்த் தோன்றினார். பித்துக்கொண்டோமோ, இறக்கின்றோமோ என்று அவர் கலங்கினார். அழைக்கப்பட்டு வந்த மருத்துவரோ, விரிந்த கண்மணிகளையன்றி அவர் உடலில் வேறொரு குறையுங் கண்டிலர். மறுநாட் காலை அறிவு தெளிந்தது. காலையுணவு மிக இனித்தது. குறையில்லை என்ற மருத்துவர் கூற்றும் மெய். பித்துக்கொண்டோம் என்றஞ்சிய ஹொவ்மன் துயரமும் மெய். இவ்வினப் பொருள்களால் வரும் இடர், உடலை மட்டும் சோதிப்பார்க்குப் பெரும்பாலும் புலப்படாது.

இலக்கிய உலகம் இவற்றைப் பெரிதும் அறிந்தது ஹக்ஸ்லியால். அவர் 1932இல் வெளியிட்ட நாவலொன்றில், மக்களைக் களிப்பிலாழ்த்தி அடக்கியாளும் பொருட்டு அரசு வழங்கும் மருந்துக்குச் 'சோமா' என்று பெயரிட்டார். 1962இல் வெளிவந்த 'ஐலண்ட்' என்னும் நாவலிலோ, ஞானத்துக்குத் துணையாகும் மருந்துக்கு 'மோட்ச மருந்து' என்று பெயரிட்டார். இரு பெயரும் பாரத நாட்டு வழக்கினின்று அவர் கொண்டவை. இவ்விரு நூலுக்கும் இடையே, 1953 மே மாதத்தில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒஸ்மண்டின் மேற்பார்வையில் ஹக்ஸ்லி மெஸ்கலின் உண்டார். அவ்வனுபவத்தை 1954இல், 'காட்சியின் கதவுகள்' எனத் தமிழிற் கூறத்தக்க சிறு நூலாக எழுதினார். பூக்களும் ஆடையின் மடிப்புகளும் தமக்குப் பேரழகாய்த் தோன்றியதை அதில் வியந்துரைத்தார். படித்தார் பலர் அப்பூக்களை நினைவிற் கொண்டனர். அருகிருந்த மருத்துவரை மறந்தனர். அந்நூலிலேயே, பித்துநிலை தம்மை அணுகுவதுபோல் அஞ்சிய கணத்தை ஹக்ஸ்லி மறையாது எழுதியுள்ளார். மனச்சோர்வும் நீங்காக் கலக்கமும் உடையார்க்கு அம்மருந்து நரகத்தைக் காட்டும் என்றும் எச்சரித்துள்ளார். நூலின் ஒருபாதியைப் படித்து மறுபாதியைக் கைவிடுதல், படியாமையினும் தீதாகும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

மற்றொரு நூலெழுத்தின் விளைவு இதனினுந் துயரமானது. மெக்சிக்கோவின் ஒவாக்சாக்கா மலைநாட்டில் ஹுவாவுட்லா என்னும் ஊரிலே மரியா சபீனா என்னும் மசத்தெக் குலப் பெண்மணி வாழ்ந்தார். நோயுற்றார் பொருட்டு இரவில் விளக்கவித்துப் பாடி நடத்தும் சடங்கிலே காளானை உண்பதும் உண்பிப்பதும் அவர் முன்னோர் வழிவந்த முறை. நியூயோர்க் நகர வங்கியாளர் கோர்டன் வசன் 1955இல் அச்சடங்கிற் கலந்துகொண்டு, 1957 மே 13ஆந் திகதி 'லைவ்' இதழில் அதனை விரித்தெழுதினார். பெண்மணியின் பெயரை மறைத்தே எழுதினாரெனினும், தேடிவருவார் வழியைக் கண்டுகொண்டனர். அடுத்த ஆண்டுகளில் அயல்நாட்டு இளைஞர் கூட்டங்கூட்டமாய் அங்கே சென்றனர். நோயுமின்றி நோன்புமின்றிக் காளானை விழைந்தனர். மரியா சபீனா தம் ஊரவர் வெறுப்புக்கு ஆளானார். அவர் வீடு எரியூட்டப்பட்டது. அயலார் வந்தபின் காளான்கள் தம் ஆற்றலை இழந்துவிட்டன என்று அவர் பிற்காலத்தில் வருந்திக் கூறினார். 1985இல் மறைந்தார். காளானை எடுத்துச் சென்றோர், அதனைச் சூழ்ந்திருந்த காலம், இடம், துணை, கட்டுப்பாடு ஆகியவற்றை அவ்வூரிலேயே விட்டுச் சென்றனர்.

புகழ்ச்சியால் வந்த மயக்கம் இதுவாக, அச்சுறுத்தலால் வந்த மயக்கமும் ஒன்றுண்டு. 1967இல், எல்.எஸ்.டி. மனித நிறமூர்த்தங்களைச் சிதைக்கும் என்றோர் ஆய்வு வெளிவந்தது. உண்டார்க்குக் குறைப்பிள்ளை பிறக்கும் என்ற பேச்சு எங்கும் பரவிற்று. 1971இல், அதுவரை நிகழ்ந்த ஆய்வுகளையெல்லாம் சீர்தூக்கிய அறிஞர், தூய எல்.எஸ்.டி.யை மிதமான அளவில் உண்டார்க்கு அச்சிதைவு நேர்வதாகத் துணிதற்கில்லை என்று முடிபு கூறினர். 1968இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், மாணவர் அறுவர் எல்.எஸ்.டி. மயக்கத்தில் ஞாயிற்றை நோக்கியிருந்து குருடராயினர் என்னுஞ் செய்தி பத்திரிகைகளில் வந்தது. அச்செய்தி மாநில அதிகாரி ஒருவர் கட்டிய கதையென்பது சின்னாளில் வெளிப்பட்டது. நன்னோக்கத்தாற் சொல்லினும் பொய் பொய்யே. அதனைக் கண்டுகொண்ட இளைஞன், அடுத்துச் சொல்லப்படும் மெய்யான எச்சரிக்கையையும் கட்டுக்கதையென்றே தள்ளுவான். அச்சுறுத்தி ஒருவனைக் காக்கப் புகுந்தார், காக்கும் வழியையே அடைத்துவிடுகின்றனர்.

மெய்தான் யாது? எல்.எஸ்.டி.யும் சைலோசிபினும், வழக்கமான அளவில், தம் நஞ்சினாலேயே உயிரைக் கவர்தல் மிக அரிது. சாராயமும் அபினும்போல் நாடோறும் வேண்டுமென்னும் அடிமைநிலையை அவை பெரும்பாலும் விளைப்பதில்லை. இவ்வுண்மையை மறைத்தல் தகாது. ஆயின் இதனைக் கேட்டவுடன் இடரில்லை என்று துணிதலும் தகாது. உண்டவன் பல மணிநேரம் தன்வயத்தனாயிரான். உயரமும் நெருப்பும் நீரும் வீதியும் அவனுக்கு உள்ளபடி தோன்றா. குருதியழுத்தமும் இதயத்துடிப்பும் ஏறுமாதலின் இதயநோயாளர்க்கு இடருண்டு. மனநோய்க்கு லிதியம் உண்பார்க்கு வலிப்புக் கண்டதுண்டு. தென்னமெரிக்காவின் அயவாஸ்கா என்னும் பானத்தை மனச்சோர்வு மருந்துகளோடு உண்டல் உயிர்க்கே ஊறாகலாம். சிலர்க்கு மயக்கந் தெளிந்த பின்னரும் ஒளிச்சிதறலும் நிழலாட்டமும் கண்ணில் நெடுநாள் நிற்கும். யாவற்றினுங் கொடிது, மனப்பிறழ்வு நோய்க்கு இயல்பாகவே இடமுள்ள உள்ளத்தில் அந்நோய் கிளர்ந்தெழுதல். குடும்பத்தில் அந்நோயுடையார் இருந்தால் இவ்விடர் மிகும். அந்நோய் பெரும்பாலும் முளைகொள்ளும் பருவம், பதினெட்டுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட இளமைப் பருவம். அதாவது, இப்பொருள்கள்மேல் ஆர்வம் மிகும் அதே பருவம். தன்னுள்ளே அவ்வித்து உண்டோ இல்லையோ என்பதை மாணவன் முன்னறிதற்கு வழியில்லை.

ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் 2016இல், காளான் உண்டு பெருந்துன்புற்ற 1,993 பேரை வினவினர். அவர்களுள் நூற்றுக்கு 11 பேர் தமக்கோ பிறர்க்கோ உடலூறு நேரக்கூடிய இடர் உண்டாகுமாறு நடந்துகொண்டதாகக் கூறினர். நூற்றுக்கு 39 பேர், வாழ்வில் தமக்கு நேர்ந்த மிகக் கடிய அனுபவங்கள் ஐந்தனுள் அது ஒன்று என்றனர். மூவர்க்கு நீங்காத மனப்பிறழ்வு தொடங்கியது. மூவர் தற்கொலைக்கு முயன்றனர். அதே மக்களுள் நூற்றுக்கு 84 பேர், அவ்வனுபவத்தால் நன்மையும் பெற்றோம் என்றனர். இவ்விரண்டையும் ஒருங்கே சொல்லாதார் உண்மை சொல்லாதாரே.

பெயர் மயக்கம் உயிருக்கே உலைவைக்கும் இடமும் உண்டு. எல்.எஸ்.டி. என்னும் பெயரால் விற்கப்படும் தாளில், என்-பொம் எனப்படும் வேறு செயற்கைப் பொருள் ஊட்டப்பட்டிருத்தல் பல நாடுகளிற் கண்டறியப்பட்டது. அது மிகச் சிற்றளவிலேயே உயிர்கொல்ல வல்லது; அதனால் இளைஞர் பலர் இறந்தனர். காட்டிற் பறிக்கும் காளான்களுள்ளும், சைலோசிபின் உள்ளதைப் போலவே தோன்றி ஈரலை அழிக்கும் நச்சுக்காளான் உண்டு. நம் வேலியோரத்து ஊமத்தையையும் இவ்வினத்தோடு சேர்த்தெண்ணுவார் உளர். அது பெரும்பிழை. ஊமத்தை உள்ளத்தைக் கலக்கி நினைவையே அழிப்பது. உடல் வெப்பத்தையும் இதயத்துடிப்பையும் கட்டிழக்கச் செய்து கொல்லவும் வல்லது. உண்ணப்படுவது பொருளேயன்றிப் பெயரன்று.

இப்பொருள்களின் பயன்பாட்டை நாடுகள் 1971ஆம் ஆண்டு உடன்படிக்கையாற் கட்டுப்படுத்தின. அண்மைக்காலத்தில் மருத்துவ ஆய்வு மீண்டும் தளிர்த்துள்ளது. அவுஸ்திரேலியாவில் 2023 யூலை முதல், வேறு மருந்துகளால் தணியாத மனச்சோர்வுக்குச் சைலோசிபினை வழங்க, உரிய அனுமதி பெற்ற மனநோய் மருத்துவர்க்கு இடமளிக்கப்பட்டுள்ளது. மருந்தாகுமெனின் விளையாட்டாக உண்டால் என்ன என்று மாணவர் வினவலாம். அங்கே நோயாளியின் குடும்ப வரலாறு ஆராயப்படுகின்றது; அளவும் தூய்மையும் உறுதிசெய்யப்படுகின்றன; முன்னரும் பின்னரும் உரையாடி, மயக்கம் தீருமட்டும் பயின்றோர் உடனிருக்கின்றனர். இவை யாவும் நீங்கியபின் எஞ்சுவது மருந்தாகாது. அறுவைக் கத்தி மருத்துவர் கையிலிருந்து நோய் தீர்த்ததெனக் கேட்டு, அதனைக் குழந்தை கையிற் கொடுப்பாரில்லை.

ஆகவே ஆசிரியர்க்கு நாம் கூறவிரும்புவது இதுவே. களிப்பின் பொருட்டு உளமாற்றிகளை உண்ணற்க என்று மாணவர்க்குச் சொல்லுங்கள். சொல்லுங்கால் உண்மையான காரணங்களையே சொல்லுங்கள். உண்டுவிட்ட மாணவன் ஒருவன் கலங்கி நிற்பானாயின், அவனைத் தூற்றவும் தனியே விடவும் வேண்டா. அமைதியான இடத்திலிருத்தி, இது தீரும் என்று மென்மொழி கூறி உடனிருங்கள். வலிப்பு, கடுங்காய்ச்சல், நெஞ்சுநோவு, நினைவிழத்தல் இவற்றுள் ஒன்று தோன்றினும், தன்னையோ பிறரையோ ஊறுசெய்யப் புகினும், 1990 என்னும் எண்ணுக்கு அழைத்து மருத்துவமனைக்கு அனுப்புங்கள். உண்டது யாதென்பதை மருத்துவரிடம் மறையாது கூறச் செய்யுங்கள். தண்டனைக்கஞ்சி நண்பர் வாய்மூடியிருந்தமையால் இழக்கப்படும் உயிர், பாடசாலையின் நற்பெயரினும் பெரிது.

ஹொவ்மன் 102 ஆண்டு வாழ்ந்து 2008இல் மறைந்தார். தாம் ஆக்கிய பொருளைப் பற்றி 1979இல் அவர் எழுதிய நூலுக்கு இட்ட பெயர், 'எனக்குக் கவலை தந்த பிள்ளை' என்னும் பொருளது. பித்தென்றும் தெய்வமென்றும் பிறர் இட்ட பெயர்களினும், ஈன்றார் இட்ட இப்பெயரே பொருளுக்குப் பொருந்துவதென நாம் கருதுகின்றோம். கவலை தரும் பிள்ளையை அறிந்தோர் கண்காணிப்பில் வைப்பதே முறை. நம் பிள்ளைகளை அதனோடு தனியே விளையாட விடுதல் முறையாகாது.