வட்டுக்கு ஒரு பெயர் வையுங்கள்



போன மாதம் என் கையாலேயே ஒரு பிழை செய்துவிட்டேன். லினக்ஸ் நிறுவ ஒரு பென்டிரைவ் தயார் செய்துகொண்டிருந்தேன். முதல் நாள் அது 'எஸ்டிபி' என்று காட்டியது, நோட்டில் குறித்துக்கொண்டேன். மறுநாள் வெளி ஹார்டு டிஸ்க்கை முதலில் செருகியிருந்ததால் அந்தப் பெயர் அதற்குப் போய்விட்டது. சரிபார்க்காமல் கட்டளையை அடித்தேன். பள்ளிப் படங்கள் இருந்த டிஸ்க் அது.

எஸ்டிஏ, எஸ்டிபி என்பதெல்லாம் கணினி எந்த டிஸ்க்கை முதலில் கண்டது என்பதுதான். பெஞ்சில் உட்கார்ந்த வரிசையை வைத்து மார்க் போடுவது மாதிரி. நாற்பது பிள்ளைகளுக்கு அப்படி மார்க் போட்டிருந்தால் என்னை விட்டிருப்பீர்களா? பகிர்வுக்கு நாம் வைக்கும் லேபிள்தான் பெயர். யூயூஐடி என்ற நீண்ட எண், எமிஸ் எண் மாதிரி.

லேபிள் இருந்தால் உபுண்டுவில் கோப்பு மேலாளரில் சொடுக்கியதும் மீடியா அடைவுக்குள், உங்கள் பயனர் பெயரின் கீழ், அந்த லேபிள் பெயரிலேயே டிஸ்க் திறக்கும். இல்லாவிட்டால் அந்த நீண்ட எண்ணே அடைவின் பெயராகிவிடும். பக்கப்பட்டையில் கொள்ளளவு மட்டும் தெரியும். ஒரே அளவில் இரண்டு டிஸ்க் இருந்தால் எது எது என்று யார் சொல்வது?

'யூயூஐடி இருக்க லேபிள் எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. கணினி தொடங்கும்போது தானாக இணைய வேண்டிய பகிர்வுக்கு யூயூஐடிதான் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அழிக்கும் பொத்தானை அழுத்துவது மனிதன். முப்பத்திரண்டு எழுத்தை எவன் படித்துப் பார்க்கிறான்? தவிர, டிஸ்க்கை அப்படியே நகலெடுத்தால் யூயூஐடியும் சேர்ந்தே நகலாகிவிடும்.

கடையில் வாங்கும்போது இருக்கும் லேபிளையும் நம்ப வேண்டாம். ஒரே கம்பெனியின் இரண்டு டிஸ்க்குக்கு ஒரே பெயர் இருக்கலாம். வகுப்பில் இரண்டு செல்வி இருந்தால் நான் இனிஷியலோடு கூப்பிடுவேன், இனிஷியல் மாறாது. லினக்ஸோ இரண்டாவதாக இணைந்ததன் பின்னால் 1 என்று போடும். நாளை வரிசை மாறினால் அந்த 1 மற்றதற்குப் போகும். காப்புநகல் தவறான டிஸ்க்கில் போய் விழும்.

டிஸ்க்ஸ் செயலியில் ஒரு நிமிட வேலை. தமிழில் வைக்க ஆசைப்பட்டேன். எக்ஸ்டி4-இல் லேபிளுக்கு 16 பைட்தான். தமிழில் புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனியாக 3 பைட் கேட்கும். 'படம்' நுழைந்தது, 'படங்கள்' நுழையவில்லை! ஒருமையிலேயே விட்டுவிட்டேன்.

மீட்பு மென்பொருள் பல படங்களைத் திருப்பித் தந்தது, கோப்புப் பெயர்கள் இல்லாமல். எந்த ஆண்டு, எந்த வகுப்பு என்று முகத்தைப் பார்த்துப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். 2006 பத்தாம் வகுப்புக் குழுப்படம் மட்டும் கிடைக்கவே இல்லை. யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.