சாரல் காற்றுக்கு வரப்பு தெரியாது!

தோழர்களே,

தென்காசி வட்டாரத்து வயல்களுக்கும் ட்ரோன் மருந்தடிப்பு வந்தாச்சு. இதை நாம எதிர்க்கல. முதுகுல டேங்க் சுமந்து, மருந்து நெடியிலேயே நடந்த தொழிலாளிக்கு இது நல்ல மாற்றம்தான்.

ஆனா நம்ம ஊர் காற்றை மறந்துட்டு ட்ரோனைப் பறக்கவிட முடியாது. குற்றாலத்துக்குச் சாரல் கொண்டுவர்ற அதே மேல்காற்றுதான் ஆரியங்காவு கணவாய் வழியா இறங்கி செங்கோட்டை, தென்காசி, சுரண்டைன்னு வீசுது. காற்றாலை சுத்துற பூமி இது. கார் நெல்லுக்கு மருந்தடிக்கிறதும் அதே ஜூன், ஜூலை, ஆகஸ்ட்லதான்.

ஒரு சின்னக் கணக்கு. 100 மைக்ரான் துளி நொடிக்குக் கால் மீட்டர்தான் கீழே இறங்கும். 2 மீட்டர் உயரத்துல தெளிச்சா தரைக்கு வர 8 நொடி. காற்று மணிக்கு 18 கி.மீ. வேகத்துல வீசினா அதுக்குள்ள துளி 40 மீட்டர் தள்ளிப் போயிடும். 300 மைக்ரான் துளின்னா 10 மீட்டருக்குள்ளேயே விழுந்துடும். ட்ரோன் விசிறி கீழே தள்ளுற காற்று ஓரளவு உதவும். மேல்காற்றை அது தடுத்துடாது.

அந்த 40 மீட்டர்ல என்ன இருக்கு? அடுத்தவர் வயல், கிணறு, பள்ளிக்கூடம். சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தியைத் தேடி வர்ற தேனீ.

மலைக்கு அந்தப் பக்கம் காசர்கோட்டை நினைச்சுப் பாருங்க. அரசு நிறுவனத்தின் முந்திரித் தோட்டங்கள்ல 2000 வரைக்கும் ஹெலிகாப்டர்ல எண்டோசல்பான் தெளிச்சாங்க. பாதிக்கப்பட்டோர்னு கேரள அரசே பட்டியலிட்டது 6,000 பேருக்கு மேல். உச்ச நீதிமன்றம் தடை போட்டது 2011-ல். ஆளுக்கு 5 லட்சம் இழப்பீட்டை 3 மாசத்துல கொடுக்கச் சொன்னது 2017-ல். தெளிப்பு நின்னு 17 வருஷம் கழிச்சு!

ட்ரோன் மருந்தடிப்புக்கு ஒன்றிய அரசு 2021 டிசம்பர்லயே வழிமுறை வெளியிட்டாச்சு. அது காகிதத்தோட நிக்கக்கூடாது. மாவட்ட நிர்வாகத்திடம் நாம கேட்பது:

✅ முந்தின நாளே ஊருக்கு அறிவிப்பு
✅ வயலிலேயே காற்றுவேகம் அளக்கணும். மணிக்கு 10 கி.மீ. தாண்டினா நிறுத்தணும்
✅ பெரிய துளி நாசில், தாழ்வான பறப்பு
✅ வீடு, பள்ளி, நீர்நிலை ஓரம் தெளிக்காத இடைவெளி
✅ எந்த மருந்து, எவ்வளவு, காற்று எவ்வளவுன்னு வேளாண்மை விரிவாக்க மையத்தில் பதிவு

விவசாயிக்கு இதுல நஷ்டம் இல்ல. காத்துல போற ஒவ்வொரு துளியும் அவர் காசு கொடுத்து வாங்கின மருந்துதான்.

உங்க ஊர் விவசாயக் குழுக்களுக்கு இதைப் பகிருங்க. அடுத்த கிராம சபையில் தீர்மானமாக் கொண்டு வாங்க, தோழர்களே! ✊

#தென்காசி #பாதுகாப்பான_மருந்தடிப்பு