ஆக்கவுரிமை யாருக்காக?

“மருந்து உண்டு, ஆனால் உமக்கில்லை” என்று நோயாளியிடம் கூற ஒரு வணிக நிறுவனத்துக்குச் சட்டம் இடங்கொடுக்கலாமா? ஆகாது என்கின்றோம். வெறும் இரக்கத்தால் இதைக் கூறவில்லை. இந்தியாவில் நடந்த ஒரு வழக்கின் பதிவேடே எமக்குச் சான்று.

முற்றிய சிறுநீரகப் புற்றுநோய்க்கு 2005 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்த குளிசை சோராஃபெனிப். புற்றுக்கட்டிக்கு இரத்தம் ஊட்டும் நாளங்கள் வளருமாறு தூண்டும் சமிக்ஞைகளை அது தடுக்கின்றது. நோயை அடியோடு தீர்ப்பதன்று. 903 நோயாளரிடம் நடந்த ஆய்வில், நோய் மேலும் முற்றாதிருந்த இடைநிலைக் காலம் 2.8 மாதத்திலிருந்து 5.5 மாதமாயிற்று, அவ்வளவே. ஆயினும் அம்மாதங்கள் வேண்டுமா, வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டியவர் நோயாளி, விலைப்பட்டியல் அன்று.

2008 இல் இந்திய ஆக்கவுரிமை பெற்ற பேயர் நிறுவனம் ஒரு மாத மருந்துக்கு 2,80,428 ரூபா விலை வைத்தது. ஐதராபாத்தின் நட்கோ நிறுவனம் 8,880 ரூபாவுக்குத் தர முன்வந்தது. 2012 மார்ச் 9 ஆம் நாள், ஆக்கவுரிமைக் கட்டுப்பாட்டாளர் பி. எச். குரியன் 84 ஆம் பிரிவின் கீழ் நட்கோவுக்குக் கட்டாய உரிமம் வழங்கினார். பேயருக்கு 6 நூற்றுவீத உரிமைத் தொகையும் விதித்தார். மேன்முறையீட்டில் அது 7 ஆயிற்று. ‘கொள்ளை’ என்று கூக்குரலிட்டோர் இதைக் கவனிப்பாராக!

பேயரின் வாதங்களோ விந்தையானவை. ‘நியாயமான விலை’ என்பது உரிமையாளருக்கும் நியாயமாயிருத்தல் வேண்டுமாம்! பொதுமக்களுக்குக் கட்டுபடியாவதே அளவுகோல் என்றார் கட்டுப்பாட்டாளர். அடுத்ததைக் கேளுங்கள். சிப்ளா நிறுவனம் இதே மருந்தை விற்பதைத் தடுக்கக் கோரிப் பேயர் ஒரு மன்றில் வழக்காடிக்கொண்டிருந்தது. மறு மன்றிலே, சிப்ளாவின் குளிசைகள் கிடைப்பதால் மக்கள் தேவை நிறைவேறுகின்றதென வாதித்தது. அயலான் உழுவதைத் தடுக்க வழக்கும் போட்டு, அவன் விளைச்சலைத் தன் கணக்கிலும் எழுதும் நில உடைமையாளனை எம் விவசாயிகள் என்னவென்று அழைப்பர்? 2014 இல் பம்பாய் மேல் நீதிமன்றம் பேயரின் மனுவைத் தள்ளியது. உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது.

எனினும் அந்த உரிமம் இந்திய எல்லைக்குள் விற்பதற்கே செல்லும். பாக்கு நீரிணையைத் தாண்டவில்லை. 2013 இலும் 2016 இலும் வேறு மருந்துகளுக்காக வந்த விண்ணப்பங்களை இந்தியாவே நிராகரித்தது. சோராஃபெனிப்பின் ஆக்கவுரிமை 2020 இல் முடிந்துவிட்டது. ஆனால் அதற்குப் பின் வந்த புதிய மருந்துகள் பலவற்றுக்கு வேலி இன்னும் உண்டு.

இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும், பொதுச் சுகாதாரத்தை முன்னிட்டு உரிமையாளரின் அனுமதியின்றி ஆக்கவுரிமையைப் பயன்படுத்த இடமளிக்கின்றது. வர்த்தக ஒப்பந்தம் எதிலும் இவ்வதிகாரத்தை விலைபேச விடலாகாது. கைச்சாத்திடுமுன் ஒப்பந்த வரைவைப் பாராளுமன்றத்தில் வைக்குமாறு எமது உறுப்பினர்கள் இப்போதே கோர வேண்டும்.