மருந்து இலவசம், போன கூலிக்கு யார் பொறுப்பு?

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்குப் பெயர் கொடுத்ததே ஓர் ஆஸ்பத்திரிதான். காசநோயாளிகளுக்காக 1928-ல் டாக்டர் சவுரி முத்து தொடங்கியது அது. அதே ஜி.எஸ்.டி. சாலையில்தான் 1984-ல் ஏற்படுத்தப்பட்ட ஏற்றுமதி மண்டலமும் இருக்கிறது. அங்கே ஷிப்டுக்கு நுழைவோரில் பெருந்தொகையினர் பெண்கள். ஆலை வாசலிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் எந்த ஆலையானாலும், உழைக்கும் பெண்ணுக்கு அந்தத் தூரம் ஒரு நாள் கூலி!

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கு மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளில் நடக்கின்றன. இது பெரிய சாதனை. கிராமச் செவிலியர்களின் உழைப்புக்கு அதில் பெரும்பங்கு உண்டு. ஆனால் அதே ஆய்வு வேறொன்றும் சொல்கிறது. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. 30 வயது கடந்த பெண்களில், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு ஒரு தடவையாவது பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. பிள்ளை பெறும்போது கண்ணில் படும் பெண், பெற்ற பிறகு கணக்கிலிருந்தே மறைந்துவிடுகிறாள்!

"பெண்களுக்கு வெட்கம், விவரம் போதாது" என்கிறார்கள் சில மேதாவிகள். நாம் இதை மறுக்கிறோம். இ.எஸ்.ஐ. கார்டு உள்ள பெண்ணையே எடுத்துக்கொள்வோம். மருந்து உண்டு. ஆனால் நோய்க்காலப் பணம் முதல் இரண்டு நாளுக்குப் பொதுவாகக் கிடையாது. அதற்குமேலும் கூலியில் 70 சதவிகிதம்தான். பரிசோதனைக்கென்று ஒரு நாள் போனால் அந்த நாள் நஷ்டம். வருகைப் போனஸும் போயிற்று. ஆகவே வலியை விழுங்கிக்கொண்டு மிஷினுக்கு முன் உட்காருகிறாள். இது அறியாமையா? அடுப்பெரிய வேண்டுமே என்ற கவலை!

வயலில் நாற்று நடுகிறவள், சித்தாள், வீட்டு வேலை செய்கிறவள் ஆகியோருக்கு அந்தக் கார்டும் இல்லை. ஆலைப் பெண்ணுக்குச் சட்டம் 2017 முதல் 26 வாரப் பேறுகாலச் சம்பளம் தருகிறது. இவர்களுக்கோ டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய். 26 வாரம் என்றால் 182 நாள். வகுத்துப் பாருங்கள், தோழர்களே! நாளொன்றுக்கு நூறு ரூபாய்கூடத் தேறாது. ஒருத்தியின் கர்ப்பத்துக்கு ஒரு விலை, இன்னொருத்தியின் கர்ப்பத்துக்கு வேறு விலையா?

நமது கோரிக்கைகள் இவை: பரிசோதனைக்குப் போகும் நாளுக்கு முழுக் கூலியோடு லீவு வேண்டும். ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்காக மாலையிலும் டிஸ்பென்ஸரிகள் திறந்திருக்க வேண்டும். அங்கே பெண் டாக்டர் இருக்க வேண்டும். காண்ட்ராக்ட் பெண் ஒவ்வொருத்தியின் பெயரும் இ.எஸ்.ஐ.யில் ஏற வேண்டும். விவசாயத் தொழிலாளிப் பெண்ணுக்குக் குறைந்தபட்சக் கூலிக் கணக்கில் 26 வாரப் பேறுகாலத் தொகையைச் சர்க்கார் தர வேண்டும்.

இவை நடக்காத காரியங்களல்ல. கடையில் நாள் முழுவதும் நின்று கால் வீங்கிய பெண்கள் கேரளத்தில் போராடி, உட்காரும் உரிமையை 2018-ல் பெற்றார்கள். 2021-ல் அது தமிழ்நாட்டிலும் சட்டமாயிற்று.

நம்மிடமும் குறை உண்டு. பஞ்சப்படிக்கும் போனஸுக்கும் உரக்கக் குரல் கொடுக்கும் நாம், இதைப் "பெண்கள் சமாசாரம்" என்று ஒதுக்கிவந்தோம். கூலி வெட்டப்படுவது எப்படிப் பெண்கள் சமாசாரமாகும்? அடுத்த சங்கக் கூட்டத்திலேயே பெண் தோழர்கள் எழுந்து பேசட்டும். ஆண் தோழர்கள் கேட்கட்டும். கோரிக்கைப் பட்டியலில் இது முதல் வரியாக ஏறட்டும்!