ஓடும்போது பார்க்கும் உரிமை

ஐபிஎம் நிறுவனம் 1981 ஆகஸ்ட்டில் வெளியிட்ட முதல் பிசியைத் திறந்தால், மதர்போர்டில் 5 ஸ்லாட்டுகள் தெரியும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஓர் அங்குலம்தான் இடைவெளி. 1983இல் வந்த எக்ஸ்டி மாடலில் ஸ்லாட்டுகள் 8 ஆயின. இடைவெளி இன்னும் குறைந்தது. டிஸ்ப்ளே கார்டு, டிஸ்க் கன்ட்ரோலர், மெமரி கார்டு எல்லாம் அங்கே நெருக்கியடித்து நிற்கும். அவற்றில் ஒன்று பழுதானால், பழுதுபார்ப்பவருக்கு இரண்டு பக்கமும் வழி அடைபட்டுவிடும். கார்டு ஸ்லாட்டில் இருக்கும்போதுதான் அதற்கு மின்சாரம் கிடைக்கும், கோளாறும் வெளிப்படும். ஆனால், ஆசிலாஸ்கோப்பின் முனையை உள்ளே விட இடம் இருக்காது. கார்டை உருவி மேசையில் வைத்தால் இடம் தாராளமாக இருக்கும். அப்போது கார்டில் உயிர் இருக்காது.

இதற்காகவே உண்டானது எக்ஸ்டெண்டர் போர்டு. கீழ் விளிம்பில், ஸ்லாட்டுக்குள் இறங்குவதற்குத் தங்க முலாம் பூசிய பட்டைகள். மேல் விளிம்பில் இன்னொரு ஸ்லாட். நடுவில் இரண்டையும் ஒன்றுக்கொன்று நேராக இணைக்கும் செம்புத் தடங்கள். அவ்வளவுதான். அதில் செருகிய கார்டு, கேபினெட்டுக்கு மேலே தலை நீட்டி நின்றபடியே வேலை செய்யும். முன்னும் பின்னும் கைக்கு எட்டும். தையல் மிஷினில் நூல் எங்கே சிக்குகிறது என்பதை மிஷினை மிதித்துக்கொண்டேதான் பார்க்க முடியும், கார்டும் அப்படித்தான்.

ஒருகாலத்தில் இதை உற்பத்தியாளர்களே செய்து கொடுத்தார்கள். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் தன் பிடிபி வரிசைக் கணினிகளுக்கான எக்ஸ்டெண்டர்களை, பாகப் பட்டியலில் எண் போட்டு விற்றது. எச்பி, டெக்ட்ரானிக்ஸ் நிறுவனங்களின் சர்வீஸ் கையேடுகளில், தேவையான கருவிகளின் வரிசையில் எக்ஸ்டெண்டருக்கும் ஓர் இடம் இருந்தது. டிஜிட்டல் நிறுவனத்தை 1998இல் காம்பேக் வாங்கியது. காம்பேக்கை 2002இல் எச்பி வாங்கியது. பழைய பட்டியலைக் காட்டி இன்று யாரிடமும் பாகம் கேட்க முடியாது. அந்த இடத்தை நிரப்புகிறவர்கள் ஆர்வலர்கள். கிகேட் என்னும் இலவச மென்பொருளில் போர்டை வரைகிறார்கள். சீனத் தொழிற்சாலைகளுக்குக் கோப்பை அனுப்பிச் சில பிரதிகள் எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு அந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைக்கிறார்கள். பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்குபவர்கள், பழுதுநீக்கத்தின் அடிப்படையையே கவனிக்கத் தவறுகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

அந்த அடிப்படையை ஓர் உதாரணத்தில் காட்டலாம். அந்தக் காலத்து மோனோகுரோம் டெக்ஸ்ட் கார்டு ஒன்று; திரையில் வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 25 வரி. இயக்கியதும் வெறுமையாக இருக்க வேண்டிய திரை முழுவதும் இரட்டை மேற்கோள் குறிகள். விசைப்பலகையில் ஆங்கில ‘ஏ’யைத் தட்டினால் ‘சி’ வருகிறது. ‘சி’யைத் தட்டினாலும் ‘சி’தான். ஆஸ்கி எண்களில் வெற்றிடம் 32, மேற்கோள் குறி 34. ஏ 65, சி 67. ஆக, 8 பிட்டுகளில் 2 என்னும் மதிப்புள்ள பிட் எப்போதும் 1 ஆகவே நிற்கிறது.

சந்தேகம் முதலில் மெமரி மீதுதான் போகும். அத்தகைய கார்டுகளில் இருந்த 2114 வகை சிப்பில் 1,024 இடங்கள் உண்டு. அது கெட்டிருந்தால் கோளாறு முதல் 1,024 எழுத்துகளோடு, அதாவது 13ஆவது வரியின் 64ஆவது எழுத்தோடு நின்றிருக்கும். இங்கே கடைசி வரிவரை மேற்கோள் குறிகள் இருக்கின்றன. அடுத்து, மெமரியில் எழுதியதைப் பிராசசரைக் கொண்டு திரும்பப் படிக்கச் சொன்னால், 32 என்று சரியாகவே வருகிறது. அப்படியென்றால் உள்ளே போகும் பாதையில் பழுதில்லை. மெமரியிலிருந்து எழுத்து வடிவங்களை வைத்திருக்கும் ரோமுக்குப் போகும் பாதைதான் பாக்கி. அதில், எழுத்தின் எண்ணைச் சற்றே பிடித்துவைத்துக் கொடுக்கும் ஓர் 8 பிட் லாட்ச் இருக்கிறது.

இதுவரை கார்டைத் தொடவே இல்லை, யோசித்தே வந்துவிட்டோம். இனி யோசனை உதவாது. கார்டு எக்ஸ்டெண்டரில் ஏறுகிறது. லாட்சின் உள்முனையில் ஸ்கோப்பை வைத்தால் துடிப்பு ஏறி இறங்குகிறது. வெளிமுனையில் வைத்தால், கோடு மேலேயே உறைந்து கிடக்கிறது. அடுத்திருக்கும் ரோம்தான் அந்த முனையைப் பிடித்து மேலே இழுத்துவைத்திருக்கிறதா என்று, அதையும் சாக்கெட்டிலிருந்து எடுத்துவிட்டு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். அப்போதும் மேலேயே நின்றால் குற்றவாளி லாட்ச்தான். மாற்ற வேண்டியது சில பத்து ரூபாய் விலையுள்ள ஒரே ஓர் ஐசி.

எக்ஸ்டெண்டர் இல்லாதவர் என்ன செய்வார்? சந்தேகப்படும் ஐசிகளை வரிசையாகக் கழற்றி மாற்றுவார். 40 ஆண்டு பழைய போர்டில் பசை வலுவிழந்திருக்கும். சூடு பட்டதும் செம்புத் தடம் பெயர்ந்து சால்டரோடு வந்துவிடும். ஒரு பழுது இருந்த கார்டில் ஐந்து பழுது சேரும். என் மேசைக்கு வரும் கார்டுகள் பலவற்றில், மூலப் பழுதைவிட முந்தைய முயற்சிகளின் காயங்களே அதிகம். கையில் திறமை இல்லாததால் வந்த காயங்கள் அல்ல அவை. கண்ணுக்கு வழி இல்லாததால் வந்தவை.

இவ்வளவு மெனக்கெட்டுக் காப்பாற்ற வேண்டிய பொருளா அது என்று கேட்கலாம். 1982இல் வந்த ஹெர்குலிஸ் கார்டை நினைத்துப் பார்க்கிறேன். தாய்லாந்துக்காரரான வான் சுவன்னுகுல், தன் முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தாய்மொழியின் எழுத்துகளில் எழுத விரும்பினார். ஐபிஎம் பிசியின் திரையில் அதற்கு வழியில்லை. அதற்காக அவர் உருவாக்கிய கார்டு 720க்கு 348 புள்ளிகளில் படம் வரைந்தது. உலகம் முழுவதும் ஒரு தரமாகவே ஆனது. ரோமன் அல்லாத எழுத்து கணினித் திரையில் ஏறிய வரலாறு நமக்கும் உறவுள்ள வரலாறு. அதன் சாட்சியங்கள் அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் செத்துக் கிடப்பதும், ஓடிக் காட்டுவதும் ஒன்றல்ல.

எல்லா எக்ஸ்டெண்டரும் நல்ல எக்ஸ்டெண்டர் அல்ல. ஐபிஎம் பிசியின் ஸ்லாட்டில் 62 முனைகள். அவற்றில் தரைக்கென்று (கிரவுண்ட்) இருப்பவை மூன்றே மூன்று: பி1, பி10, பி31. 8 தரவுக் கம்பிகளும் 20 முகவரிக் கம்பிகளும் ஒரே நேரத்தில் நிலை மாறும்போது, திரும்பிவரும் மின்னோட்டம் முழுவதும் இந்த மூன்றின் வழியேதான் போக வேண்டும். ஸ்லாட்டை 10 சென்டிமீட்டர் உயர்த்தினால் அந்தப் பாதையும் நீளும். அதனால் வரும் காலதாமதம் ஒரு நானோ விநாடிகூட இல்லை, 4.77 மெகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பின் நீளம் 210 நானோ விநாடி என்பதால், அது கணக்கிலேயே வராது. தொல்லை தருவது, துடிப்பின் விளிம்பில் எழும் அதிர்வு. இரண்டு அடுக்கில் மலிவாக முடித்துவிடாமல் நான்கு அடுக்கில் போர்டு செய்து, உள்ளே ஓர் அடுக்கு முழுவதையும் தரைக்கு ஒதுக்கினால் அது பெருமளவு அடங்கும். கார்டு ஸ்லாட்டில் தகராறு செய்து, எக்ஸ்டெண்டரில் ஒழுங்காக ஓடினால், அதுவும் ஒரு துப்புதான்: ஸ்லாட்டின் உலோகத் தகடுகளில் களிம்பு ஏறியிருக்கலாம், அல்லது கார்டு சூட்டில் மட்டும் தடுமாறுவதாக இருக்கலாம்.

மின்சாரம் இதைவிட முக்கியம். அதே ஸ்லாட்டில் பி5இல் கழித்தல் 5 வோல்ட், பி7இல் கழித்தல் 12, பி9இல் கூட்டல் 12. இவற்றுக்கு நடுநடுவே சாதாரணச் சமிக்ஞைக் கம்பிகள். ஸ்கோப் முனை ஒரு நூலிழை வழுக்கினால் மதர்போர்டுக்கே ஆபத்து. இதற்கும் முன்னோடியான எஸ்-100 பஸ், அதாவது கார்டுகளை இணைக்கும் பொதுத் தடங்களின் தொகுதி, இன்னும் கொடியது. 1975இல் ஆல்டேர் 8800 கணினியோடு வந்தது அது. அதில் முதல் முனையில் கூட்டல் 8 வோல்ட், பக்கத்திலேயே இரண்டாம் முனையில் கூட்டல் 16. பழைய கார்டுகளில் 12 வோல்ட் தடத்தில் உட்கார்ந்திருக்கும் டான்டலம் கெபாசிட்டர்கள் வயதானால் ஷார்ட் ஆவது சகஜம். சில தீப்பிடித்தும் எரியும். ஆகவே, எக்ஸ்டெண்டரில் ஒவ்வொரு மின்தடத்துக்கும் தனி ஃபியூஸ் வேண்டும். கழற்றிவிட்டு அம்மீட்டர் இணைக்க ஜம்பர் வேண்டும். ஒவ்வொரு முனையின் பெயரும் போர்டிலேயே அச்சாகியிருக்க வேண்டும். ஸ்கோப்பின் தரைக் கவ்வியை மாட்டப் பல இடங்களில் கொக்கி வேண்டும். ஃபியூஸ் இல்லாத வடிவமைப்பை யாரும் பொதுவில் வைக்கக் கூடாது என்பேன். கோப்பை எடுத்துப் போர்டு செய்துகொள்ளும் புதியவருக்கு ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரியாது, வரைந்தவருக்குத் தெரியும்.

1992இல் வந்த பிசிஐ இந்தக் கதையைத் திருப்பிவிட்டது. 33 மெகாஹெர்ட்ஸில் ஓடும் அந்த பஸ்ஸில், கார்டின் மீதுள்ள சமிக்ஞைத் தடம் 1.5 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. எக்ஸ்டெண்டரின் உயரமே அதைவிட அதிகம். பின்னால் வந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் விநாடிக்கு 250 கோடி முறை நிலை மாறுவதில் தொடங்கியது. விந்தை என்னவென்றால், அதைக் கேபிள் போட்டு நீட்டுவது எளிது. ஓடுவதைக் கண்ணால் பார்க்கத் தேவைப்படும் ஸ்கோப்தான் பல லட்ச ரூபாய்.

அதற்காகப் பார்க்கும் வழியே அடைபட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். ஸ்கோப் முனை எட்டாத போர்டுகளைச் சோதிப்பதற்கென்றே ஜேடேக் என்னும் முறை 1990இல் தரப்படுத்தப்பட்டது. நான்கைந்து கம்பிகளை இணைத்தால் சிப்பின் ஒவ்வொரு காலும் என்ன நிலையில் இருக்கிறது என்று அதுவே சொல்லும். தொழிற்சாலையில் போர்டுகளைச் சோதிக்க இன்றும் அது பயன்படுகிறது. அதே போர்டு கடைக்கு வரும்போது, அந்த முனைகள் பெயரில்லாத செம்புப் புள்ளிகளாக நிற்கின்றன; சில சிப்புகளில் உள்ளேயே நிரந்தரமாக மூடிவிடுகிறார்கள். தகவல் பாதுகாப்பு என்று காரணம் சொல்கிறார்கள். செல்பேசியில் அது நியாயமே. வாஷிங் மிஷினின் கன்ட்ரோல் போர்டில் எந்த ரகசியத்தைக் காக்கிறார்கள்?

நம் ஒன்றிய அரசின் நுகர்வோர் துறை 2022இல் பழுதுநீக்கும் உரிமைக்காகக் குழு அமைத்தது. அதற்கென இணையதளமும் தொடங்கியது. பொருள்களுக்குப் பழுதுநீக்கக் குறியீடு வழங்குவது பற்றி ஆராய 2024இல் இன்னொரு குழு. பிரான்ஸ் 2021 முதல் இத்தகைய குறியீட்டை நடைமுறையில் வைத்திருக்கிறது. உதிரிபாகம் கிடைக்கிறதா, என்ன விலை, எவ்வளவு எளிதில் பிரிக்கலாம், கையேடு உண்டா என்பவை இந்தப் பேச்சில் வரும் அளவுகோல்கள். எல்லாம் தேவைதான். ஆனால், அவை அனைத்தும் பழுது எங்கே என்று தெரிந்த பிறகு வருபவை. பழுதைக் கண்டுபிடிக்க, சாதனம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் உட்புறத்தைப் பார்க்க உற்பத்தியாளர் என்ன வழி விட்டிருக்கிறார் என்ற கேள்விக்குத் தனி மதிப்பெண் வேண்டும். நம் ஊர் சர்வீஸ் கடைகளில் மதர்போர்டில் செருகிப் பார்க்கும் டயக்னாஸ்டிக் கார்டை அறியாதவர் இல்லை. அது காட்டும் இரண்டு இலக்கங்கள், கணினி தன் சோதனையின் எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைச் சொல்பவை. பயாஸ் எழுதியவர்கள் ஒரு போர்ட் எண்ணில் அதை வெளியே சொல்லி வைத்ததால் மட்டுமே அது முடிகிறது. அந்தச் சிறு தயவு, எத்தனை ஆயிரம் போர்டுகளைக் குப்பைக்குப் போகாமல் தடுத்திருக்கும்!

பொறியியல் கல்லூரிகளிடமும் ஒன்று கேட்கிறேன். 8086 பிராசசரின் பஸ் சுழற்சி வரைபடத்தை நம் மாணவர்கள் மனப்பாடம் செய்து தேர்வில் வரைகிறார்கள். அது ஓடிப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. ஐபிஎம் பிசியில் இருப்பது அதன் நெருங்கிய உறவான 8088. ஒரு பழைய பிசி, ஓர் எக்ஸ்டெண்டர், ஆய்வகத்தில் ஏற்கெனவே இருக்கும் 20, 30 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் போதும். ஒரு போர்ட்டுக்குத் திரும்பத் திரும்ப எழுதும் நான்கு வரி நிரலை ஓடவிட்டு, பி20இல் கடிகாரத்தையும் பி13இல் எழுது கட்டளையையும் வைத்துப் பார்க்கச் சொல்லலாம். ஒரு சுழற்சிக்கு 4 துடிப்பு, 840 நானோ விநாடி என்று படித்துவிட்டு வந்த மாணவருக்குத் திரையில் 5 துடிப்பு தெரியும். 1,050 நானோ விநாடி ஆகும். கூடுதலாக ஒரு துடிப்பு எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்பார். போர்ட் சுழற்சிகளில் ஒரு துடிப்பைக் காத்திருக்க வைக்கும் சுற்று மதர்போர்டில் இருக்கிறது. அதன் வரைபடத்தை ஐபிஎம் 1981இலேயே தன் டெக்னிக்கல் ரெஃபரன்ஸ் கையேட்டில் அச்சிட்டுக் கொடுத்திருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டலாம்.

- கட்டுரையாளர், மின்னணுச் சாதனங்கள் பழுதுநீக்கப் பொறியாளர்